கோழித் தீவனம் பற்றிய ஒரு பத்தி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலத்தின் அறிவு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்வு ஒன்று வருகிற வெள்ளிக்கிழமை காலை பல்கலைக்கழகப் பேரரங்கில் நடைபெற இருக்கிறது. தாவரவியல் துறைத் தலைவரும் ஆராய்ச்சிக் கடலுமாகிய பேராசிரியர் அவர்கள், தமது நூற்றைம்பதாவது ஆய்வுக் கட்டுரையை உலகுக்கு வழங்கியமைக்காக, துணைவேந்தர் அவர்களின் கரங்களால் ‘ஆய்வுச் சிகரம்’ விருதைப் பெறுகிறார். அனைவரும் திரண்டு வருக. மாணவர்களுக்கு வருகைப் பதிவு எடுக்கப்படும்.

இந்த அறிவிப்பை எழுதியவர் ஆராய்ச்சிக் கடலேதான். முதலில் ‘பெருங்கடல்’ என்றுதான் போட்டிருந்தார். பிறகு, சொந்தப் புகழைத் தாமே பாடுவது அழகல்ல என்று தோன்றவே ‘பெரு’வை மட்டும் அடித்துவிட்டார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வேறு. ‘வாராவாரம்’ என்று சொன்னால் காவலாளிக்குக்கூட யாரென்று தெரியும். வாரம் தவறினாலும் அவர் பெயரில் கட்டுரை வெளிவருவது தவறாது. துறையில் யார் எதை எழுதினாலும் முதல் பெயர் அவருடையது. கட்டுரைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது மாணவர் பாடு. கட்டுரைக்கு மேலே யார் இருக்கிறார் என்பது அவர் பாடு. இந்த வேலைப் பங்கீடு பல வருடங்களாகச் சண்டை சச்சரவு இல்லாமல் நடந்துவந்தது. கட்டுரைகளை வெளியிட்ட ஆய்விதழும் தங்கமான இதழ். செவ்வாய்க்கிழமை அனுப்பினால் வியாழக்கிழமை பதில் வந்துவிடும்: ‘தங்கள் கட்டுரையை எங்கள் நிபுணர் குழு வரிவரியாகப் பரிசீலித்து வியந்தது.’ கீழே கட்டணம் எவ்வளவு, எங்கே செலுத்துவது என்ற விவரமும் இருக்கும்.

விழாவைப் பார்க்கத் தங்கை திங்கட்கிழமையே வந்துவிட்டாள். வேறோர் ஊரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருப்பவள். பள்ளிச் சீருடைகள்தான் அதிகம். புருஷன் போனபிறகு அந்தக் கடைதான் அவளுக்கு எல்லாம்.

உள்ளே நுழையும்போதே இடது தோள் நிலைக்கதவில் மோதியது.

“என்ன அண்ணி, வாசலைச் சின்னதாக்கிட்டீங்களா?” என்றாள்.

“வாசல் அதே வாசல்தான். நீதான் ஊதிட்டே” என்றாள் பேராசிரியரின் மனைவி. மூவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில், குடித்து முடித்த தேநீர்க் கோப்பையை மேசையின் இடது ஓரத்தில் வைத்தாள். அங்கே மேசை இல்லை. கோப்பை தரையில் விழுந்து சில்லு சில்லாக உடைந்தது.

“கை வழுக்கிடுச்சு அண்ணி.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் யோசிக்கவும் இல்லை. துடைப்பம் எடுக்க ஒருத்தி போனாள், விழாவில் எந்தக் கோட்டைப் போடுவது என்ற யோசனைக்கு ஒருவர் திரும்பினார்.

சாப்பாட்டுக்கு முன்னால் தங்கை பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். உள்ளே குளத்துப் பாசி போலப் பச்சையாக ஏதோ சாறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

“என்னம்மா கருமம் இது?” என்றார் பேராசிரியர்.

“நல்லா கேட்டியே! நீ கண்டுபிடிச்ச மருந்துண்ணே.”

பேராசிரியர் நினைவைத் துழாவிப் பார்த்தார். நூற்றைம்பது பிள்ளை பெற்ற தகப்பன், தெருவில் ஒன்றைப் பார்த்து ‘நம்முடையதா இது?’ என்று விழிப்பது போலிருந்தது அவர் நிலைமை.

“அதான்ணே, வேலியோரம் முளைக்குமே, அந்தச் செடி. அதோட இலைச்சாறு கண்ணு அழுத்தத்தைக் குறைக்கும்னு எழுதியிருந்தியே! எங்க கடைக்கு வர்ற டீச்சரம்மாதான் போன்ல காமிச்சு, இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல சொன்னாங்க. பேரைப் பாத்ததும் எனக்குத் தலைகால் புரியல. அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில மாட்டியிருக்கேன். துணி கொடுக்க வர்றவங்க கிட்டல்லாம், இது எங்க அண்ணன்னு சொல்லாத நாளில்ல.”

தங்கைக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய். கவனிக்காமல் விட்டால் கண்ணின் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வலி இருக்காது, சத்தம் இருக்காது. அதற்காகத் தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். இது பேராசிரியருக்கும் தெரியும்.

“சரி, சொட்டு மருந்தும் விடுறேதானே?”

“அது எரியுதுண்ணே. இதைக் குடிக்க ஆரம்பிச்சதும் அதை நிறுத்திட்டேன். உன்னைக் கேட்டுத்தானே நிறுத்தினேன்! போன வருஷம் போன் பண்ணினேனே, மறந்துட்டியா? நீ ஏதோ மீட்டிங்ல இருந்தே. ‘நாங்க ஆராயாம எழுதுவோமாம்மா’ன்னு சொல்லிட்டு வச்சிட்டே.”

அப்படிச் சொன்னது பேராசிரியருக்கு லேசாக நினைவு வந்தது. அந்த வாக்கியத்தை அவர் எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் சொல்வார்.

அப்போதே வாயைத் திறந்து, ‘அம்மா தாயே, நாளைக்கே டாக்டர்கிட்டே போ. அந்தக் கட்டுரையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து மனைவி குறுக்கே வந்தாள்.

“பரவாயில்லையே! உங்க அண்ணன் எழுதினதுல உருப்படியா ஒண்ணு இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. இத்தனை வருஷமா வீட்டுல இருக்கற தொட்டிச் செடிக்கே தண்ணி ஊத்தத் தெரியாத மனுஷன்!”

“அண்ணனைக் குறைச்சுப் பேசாதீங்க அண்ணி. எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க” என்றாள் தங்கை.

ஒரு பக்கம் கேலி, ஒரு பக்கம் பெருமை. நடுவில் மாட்டிய பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ம்… எதுவா இருந்தாலும் அளவா குடி” என்றார்.

அளவு எவ்வளவு என்று தங்கை கேட்டாள். சாப்பாடு ஆறுகிறது என்றார்.

மறுநாள் காலை அவர் நூலகத்துக்குப் போனார். தாம் எழுதிய கட்டுரையில் தாம் என்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது இந்த நிலையில் அவசியம் என்று பட்டது. மாணவர்களிடம் கேட்கலாம். ஆனால் ‘என் கட்டுரை எங்கேப்பா?’ என்று ஆராய்ச்சிக் கடல் ஒரு பையனிடம் எப்படிக் கேட்கும்?

பல்கலைக்கழக நூலகம் குளுகுளுவென்று, விசாலமாக, காலியாக இருந்தது. கணினிகள் வரிசையாகத் தூசி உறை போர்த்திக்கொண்டு தூங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்களும் தூங்கினார்கள். நூலகத்தின் தலைவி பேராசிரியரோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள்தான். பதவி உயர உயர நண்பர்களைக் குறைத்துக்கொண்டு வந்த பேராசிரியரை, பல்கலைக்கழகத்தில் இன்னமும் ஒருமையில் பேசும் ஒரே ஆள் அவள்.

“என்னப்பா, வழி மாறி வந்துட்டியா? கேன்டீன் அடுத்த கட்டடம்.”

“என் கட்டுரை ஒண்ணைத் தேடணும்.”

“உன்கிட்டயே இருக்குமே?”

“எங்கேயோ வச்சிட்டேன்.”

“தலைப்பு சொல்லு.”

பேராசிரியர் சன்னலைப் பார்த்தார். “அந்த வேலியோரச் செடி இருக்கே… அது சம்பந்தமா.”

“எழுதினவனுக்கே தலைப்பு தெரியலையா? சரி, உட்காரு. உன் பேரைப் போட்டே தேடுவோம்.”

அவள் நூலகத்தின் தேடுபக்கத்தைத் திறந்து அவர் பெயரை இட்டாள். கை பழக்கத்தில் பக்கத்திலிருந்த ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். ‘சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டவை மட்டும்’ என்றது கட்டம். பொத்தானைத் தட்டினாள்.

ஒரே ஒரு கட்டுரை வந்தது.

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது. நூற்றைம்பது வரணும்” என்றார் பேராசிரியர்.

“கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமில்ல.” அவள் முகத்தில் கிண்டல் மெல்ல வடிந்தது. “இந்தக் கட்டத்துல டிக் போட்டா, அந்தந்த விஷயம் தெரிஞ்ச வேற ஆளுங்க படிச்சு, குறை சொல்லி, திருத்தி வாங்கிப் போட்ட இதழ்கள் மட்டும்தான் வரும். உனக்கு வேண்டப்பட்டவங்க இல்ல, யாருன்னே உனக்குத் தெரியாத ஆளுங்க. அதுலயும் தப்பு நுழையும்தான். அதனால டிக் போட்டுட்டுப் படிக்காம விட்டுடக் கூடாது. ஆனா குறைஞ்சபட்சம் யாரோ ஒருத்தர் அதைப் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

பேராசிரியர் அந்த ஒற்றைக் கட்டுரையைப் பார்த்தார். அது அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் எழுதியது. ஈரத் தரையில் பாய்போட்டு, இலைகளைத் தாளுக்குள் வைத்து அழுத்தி, பூதக்கண்ணாடியில் நரம்பு நரம்பாக எண்ணி எழுதினார். யாரென்றே தெரியாத ஒரு பாவி அதைத் திரும்பத் திரும்பத் திருப்பியனுப்பினான். ஒருமுறை ‘நான்காவது படத்தில் உள்ளது இலைக் காம்பு அல்ல, அருகில் ஒட்டிக்கொண்ட புல்’ என்று எழுதியிருந்தான். அன்றைக்கு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு படத்தைப் பார்த்தார். புல்தான். அந்தக் கட்டுரையின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு வந்த எதுவும் மனத்தில் ஏறவில்லை. எப்படி ஏறும்? கண்ணில் பட்டால்தானே!

“அந்த டிக்கை எடு” என்றார் மெதுவாக.

எடுத்தாள். திரை நிரம்பியது. பக்கம் பக்கமாக அவர் பெயர். அதற்குள் அந்தச் செடிக் கட்டுரையும் இருந்தது. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தம்முடைய கட்டுரையை வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தார்.

இலையைச் சாறு பிழிந்திருக்கிறார்கள். சாற்றைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றியிருக்கிறார்கள். நிறம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. கட்டுரை முழுக்கத் தேடினாலும் ஒரு கண் கிடையாது. மனிதக் கண் வேண்டாம், ஒரு முயலின் கண்கூடக் கிடையாது. ஆனால் கடைசி வரி கம்பீரமாக நின்றது: ‘ஆகவே கண் அழுத்த நோய்க்கு இச்சாறே பாதுகாப்பான, முழுமையான மாற்று மருந்து என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.’

அதைவிட ஆச்சரியம் நடுவில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரு முழுப் பத்தி கோழித் தீவனம் பற்றிப் பேசியது. சோளம் எவ்வளவு, மீன் தூள் எவ்வளவு, முட்டை ஓடு கெட்டிப்பட என்ன சேர்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கிவிட்டு, அடுத்த பத்தியில் ஒன்றுமே நடக்காதது போலக் கட்டுரை இலைச்சாற்றுக்குத் திரும்பியது. வேறெதிலிருந்தோ வெட்டி ஒட்டும்போது கூடவே ஒட்டிக்கொண்டது.

நூலகத் தலைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

“இதை எதுக்கு இப்போ தேடறே?”

சொன்னார். தங்கை, சாறு, சொட்டு மருந்து, உடைந்த கோப்பை.

அவள் சட்டென்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். “உன் பேரைப் போட்டுத் தேடினது போதும். விஷயத்தைப் போட்டுத் தேடு. செடியோட தாவரப் பேரு, கண் அழுத்தம், ரெண்டும். டிக் போட மறக்காதே.”

ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து இட்டார். ஐந்தாறு கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்று எங்கோ தொலைவில் ஒரு கண் மருத்துவமனையில் செய்தது. அந்தச் சாற்றை நோயாளிகளுக்கு உண்மையாகவே கொடுத்துப் பார்த்திருந்தார்கள், சொட்டு மருந்தை நிறுத்தாமல். அழுத்தம் ஒரு துளியும் குறையவில்லை. தாங்களாகவே சொட்டு மருந்தை நிறுத்திய சிலருக்கு என்ன ஆயிற்று என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அலங்காரமே இல்லாத வரி: ‘இவர்கள் இழந்த பார்வை மீளவில்லை.’

“இது எப்போலேருந்து இங்கே இருக்கு?”

“உன்னோடது வர்றதுக்கு முன்னாடியிலிருந்தே. பல்கலைக்கழகம் சந்தா கட்டி வாங்கி வச்சிருக்கு. உன் அறையில உட்கார்ந்தே திறக்கலாம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “யாரும் திறக்கறதில்லப்பா. நானும் சத்தம் போட்டிருக்கணும். துறைத் தலைவர்கிட்ட போய் என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்” என்றாள்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று, கட்டுரையை எழுதிய பழைய மாணவனைப் போனில் கூப்பிட்டார். அவன் இப்போது வேறொரு கல்லூரியில் ஆசிரியர்.

“ஏன்டா, அந்தக் கட்டுரையில கோழித் தீவனம் எப்படிடா வந்துச்சு?”

“ஐயா… அதுலயா? எனக்குத் தெரியாதே ஐயா. நீங்க அந்த வாரத்துக்குள்ள வேணும்னீங்க. எப்படியும் நீங்க ஒருதடவை படிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நீ படிச்சிருப்பேன்னு நான் நெனச்சேன்.”

“பத்திரிகைக்காரங்களாவது படிச்சிருப்பாங்களே ஐயா?”

“நாம படிச்சுத்தான் அனுப்பியிருப்போம்னு அவங்க நெனச்சிருப்பாங்க.”

“யாருக்காவது ஏதாவது பிரச்சினையா ஐயா?” என்று அவன் பயந்த குரலில் கேட்டான். பேராசிரியர் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே தங்கையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார். “எதுக்குண்ணே வீண் செலவு, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மருத்துவர் இளவயதுப் பெண். கறார். தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை ஓர் அட்டையால் மறைத்தாள். வலது கண்ணால் தங்கை கடகடவென்று எழுத்துகளைப் படித்தாள். அண்ணனைத் திரும்பிப் பார்த்து, ‘பாத்தியா’ என்பதுபோலச் சிரித்தாள்.

மருத்துவர் அட்டையை வலது கண்ணுக்கு மாற்றினாள்.

தங்கை கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, “விளக்கை ஏன் அணைச்சுட்டீங்க டாக்டர்?” என்றாள்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மருத்துவர் கருவியை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இடது கண்ணுல நரம்பு போயிடுச்சும்மா. வலது கண்ணு ஓரளவுக்குத் தப்பிச்சிருக்கு. நாளைக்குச் சொட்டு மருந்து ஆரம்பிச்சிடணும்னு சொல்ல மாட்டேன், இப்பவே, இங்கேயே ஆரம்பிக்கிறோம்.” குரல் உயர்ந்தது. “யாரு நிறுத்தச் சொன்னது?”

“ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில…”

“எந்த மேதாவி எழுதினது அது? பேரைச் சொல்லுங்க. நான் பேசறேன் அந்த ஆள்கிட்ட.”

அறைச் சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரப் பொடி எழுத்து. பேராசிரியர் அந்தப் பொடி வரிசையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பல வருடங்களில் அவர் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. நூற்றைம்பது இடங்களில் முந்திக்கொண்டு போய் முதலில் நின்ற பெயர், அந்த அறையில் வாய் தாண்டி வெளியே வரவில்லை.

தங்கை தலையை நன்றாகத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

“யாரோ எழுதினது டாக்டர். பேரு ஞாபகமில்ல” என்றாள்.

வாடகை வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மருந்து எரிச்சலில் தங்கை கண்ணை மூடியிருந்தாள். எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, எந்தப் பக்கம் மூட வேண்டிய அவசியமே இல்லை என்ற எண்ணம் பேராசிரியரைக் குடைந்தது. கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

“நான் அதைப் படிக்கலம்மா.”

“எதை?”

“அந்தக் கட்டுரையை. எழுதினதும் நான் இல்ல. ஒரு பையன் எழுதினான். நான் பேரை மட்டும்தான் போட்டேன். அதுல கோழித் தீவனம் பத்திக்கூட ஒரு பத்தி இருக்கு.”

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. “முழுசாப் படிக்கலையா? பாதியாவது…”

“தலைப்பைக்கூடப் படிக்கல.”

வண்டி ஒரு சிக்னலில் நின்றது. பக்கத்து வண்டியில் யாரோ பாட்டை அலறவிட்டிருந்தார்கள். அது போனபிறகு தங்கை சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பேராசிரியர் தாங்கியிருப்பார். உண்மையாகவே புரியாமல் கேட்பவள் போலக் கேட்டாள்.

“எனக்கு அந்தப் பாஷை தெரியாது. அதனால படிக்கல. உனக்கென்னண்ணே?”



“விழாவுக்கு வேணாம்மா. நானே போகல” என்றார் வீட்டு வாசலில்.

“ஏன் போகாம? போ. போய்ச் சொல்லு” என்றாள் தங்கை. “நானும் வரேன். முன்வரிசையில உட்காரப் போறேன், ஞாபகம் வச்சிக்கோ.” நிலைக்கதவு வந்ததும் இந்தமுறை இடது கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு நுழைந்தாள். மனைவி அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எதையும் கேலி செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பேரரங்கு நிரம்பி வழிந்தது. வருகைப் பதிவு என்ற ஒன்றை யார் கண்டுபிடித்தார்களோ, அவர் வாழ்க. துணைவேந்தர் பேசினார். பதிவாளர் பேசினார். பேசியவர்களைப் பாராட்டி இன்னொருவர் பேசினார். நூற்றைம்பது என்ற எண் நாலாபக்கமும் எதிரொலித்தது. அந்த நூற்றைம்பதில் ஒன்றின் தலைப்பைக்கூட யாரும் சொல்லவில்லை. பிறகு ஆய்வுச் சிகரம் ஒலிபெருக்கி முன் வந்து நின்றது. கையில் எழுதிவைத்திருந்த ஏற்புரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தது.

“இந்த விருதை நான் வாங்கக் கூடாது” என்றார் பேராசிரியர். “என் பேர்ல வந்த கட்டுரைகளை நான் படிச்சதில்ல. ஒண்ணே ஒண்ணு தவிர. அந்த ஒண்ணை யாரோ முகம் தெரியாத ஒருத்தர் படிச்சுக் குறை சொன்னார். அன்னிக்கு அவரைத் திட்டினேன். இன்னிக்குத்தான் அவர் அருமை தெரியுது. மத்ததையெல்லாம் யாரும் படிக்கல. எழுதினவன் படிக்கல, நான் படிக்கல, அச்சுப் போட்டவங்க படிக்கல. நம்பினவ ஒருத்திதான் பாக்கி. அவளுக்கு ஒரு கண்ணு போச்சு.”

அரங்கில் எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசையில் தங்கை, அண்ணன் முழுதாகத் தெரிவதற்காக, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

“பிள்ளைங்களா, நான் சொல்றதை இதையாவது கேளுங்க. படிக்காத எதுக்கும் உங்க பேரைக் கொடுக்காதீங்க. யார் சரிபார்த்தாங்கன்னு தெரியாத எதையும், எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும், நம்பி உடம்புல ஏத்திக்காதீங்க. அதோ, அந்தக் கட்டடம்தான் நூலகம். அங்கே போய் அந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டுத் தேடுங்க. கிடைச்சதைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. அதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தைச் செலவு பண்ணியிருந்தா, என் தங்கச்சி ரெண்டு கண்ணாலயும் ஊசியில நூல் கோத்திருப்பா. படிக்காம போடற பேரு, அடுத்தவங்க கண்ணுல போடற மண்ணு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

பிறகு துணைவேந்தர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். கண்கள் பனித்திருந்தன.

“சிகரங்களுக்குத்தான் இவ்வளவு தன்னடக்கம் வரும்!” என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கேடயத்தை அவர் கையில் திணித்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்லத் தன்னடக்கம் இன்னும் கூடியதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நூலகத் தலைவி மட்டும் கைதட்டவில்லை. நேரே முன்வரிசைக்குப் போய் தங்கையின் இடது பக்கமாக உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ தொட்டதில் தங்கை திடுக்கிட்டாள். அவள் வந்தது தெரியவில்லை.

பேராசிரியர் அடுத்த வேலையாக அந்த ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். கட்டுரை தவறானது, அதில் ஆதாரம் ஏதுமில்லை, நடுவில் கோழித் தீவனம் இருக்கிறது, நம்பியவர் பார்வை இழந்திருக்கிறார், ஆகவே உடனே திரும்பப் பெறுங்கள் என்று சுற்றிவளைக்காமல் எழுதினார். இந்தமுறை எழுதியதை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

அனுப்பியது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பதில் வந்தது: ‘தங்கள் கட்டுரையை எங்கள் நிபுணர் குழு வரிவரியாகப் பரிசீலித்து வியந்தது. அடுத்த இதழில் வெளியாகும்.’

அந்தக் கடிதம் ஒரு கட்டுரையாக அப்படியே வெளியாயிற்று. பழைய கட்டுரையும் இருந்த இடத்திலேயே இருந்தது. பல்கலைக்கழகம் அவர் கணக்கை நூற்றைம்பத்தொன்று என்று திருத்திக்கொண்டது. நூலகத்தில் சில நாட்கள் கொஞ்சம் கூட்டம் தெரிந்தது. தேர்வு முடிந்ததும் தூசி உறைகள் திரும்பி வந்தன. தங்கை ஊருக்குப் போய்க் கடையில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு தாளை எறிந்துவிட்டாள்.

இடது கண்ணுக்குப் பார்வை வரவில்லை.